மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைகளுடன் ஒரு பகல்: வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. வரும் ஞாயிற்றுக்கிழமை கல்முனையிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வருகிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. கூடவே முழங்கால் வலியுள்ள என் அம்மா. பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகலாமே என்பீர்கள். வேண்டாம், பட்டணத்தைச் சுற்றி ஆறுதலாகத் திரிந்தால் போதும்.

வெயில் ஏறுமுன் 1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டை, பிறகு வாவிக்கரையில் காந்தி பூங்கா, பின்னேரம் கல்லடிக் கடற்கரை என்று நினைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் கோட்டைக்குள் விடுவார்களா?

பெரிய தலையிடி மத்தியானம்தான். சின்னவன் பன்னிரண்டு மணிக்கே கண்ணைக் கசக்கத் தொடங்கிவிடுவான். மடியில் போட்டுத் தூங்கவைக்க நிழலும் காற்றும் உள்ள இடம் வேண்டும். உறைப்பில்லாத கறியோடு சோறு தரும் கடையும், பிள்ளைகளைக் கூசாமல் கூட்டிப்போகக்கூடிய மலசலகூடமும் எங்கே?

வாவியில் படகேற மகள் துடிக்கிறாள். சின்னப் பிள்ளைகளின் அளவில் உயிர்காப்பு அங்கி வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் ஏற்றமாட்டேன். வாவிக்குள்ளிருந்து பாடுவதாகச் சொல்லும் பாடுமீனைக் கேட்காமல் வீட்டுக்கு வரமாட்டாளாம். நிலா இரவில் கேட்கும் பாட்டைப் பட்டப்பகலில் எங்கே போய்த் தேடுவது!

அம்மா அதிகம் நடக்காமலிருக்க எந்த இடத்துக்கு முதலில் போவது நல்லது? ஆட்டோவை நாள் முழுக்கப் பேசிக்கொள்வதா, இடத்துக்கிடம் பிடிப்பதா? பிள்ளைகளோடு திரிந்தவர்கள் சொல்லுங்கள்.