ஏழ்மை படத்துக்கு அழகாகுமா?

பாம்பன்வாசி:
பெரிய கம்பெனிகளின் துணையின்றி எடுக்கப்பட்டு, வெளிவந்த நாளில் கவனிப்பாரற்றுப் போன குற்றப்படங்களைத் தேடிப் பார்ப்பது வெறும் பழமை மோகம் என்று தொண்டிக்காரர் நேற்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலன் பாரன் என்ற அமெரிக்கர் தாமே இயக்கிக் கூலிக்கொலையாளியாகவும் நடித்த 'பிளாஸ்ட் ஆஃப் சைலன்ஸ்' (1961) படத்தின் இறுதிக்காட்சி, 1960இல் நியூயார்க்கைத் தாக்கிய டோனா புயலுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. அங்கே வீசுவது மெய்யான காற்று என்பதை, 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்கள் தீவுக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பணமுள்ள கம்பெனியாக இருந்தால், வெயில் வரும்வரை படப்பிடிப்பை ஒத்திவைத்திருக்கும்.

தொண்டிக்காரன்:
காற்று மெய்யானால் படமும் மெய்யாகிவிடுமா, அண்ணே? அதே படத்தில் நாயகனை 'நீ, நீ' என்று விளித்துக்கொண்டே வரும் பின்னணிக் குரல், முகம் காட்ட வேண்டியதையெல்லாம் தானே சொல்லித் தீர்த்துவிடுகிறது. பி.ஆர்.சி. என்ற சிறு கம்பெனிக்காக எட்கர் உல்மர் எடுத்த 'டீட்டூர்' (1945) படத்திலோ, நாயகன் சாலையோரம் வண்டி கேட்டு நிற்கும் காட்சிகளில் படச்சுருளின் நெகடிவை இடவலம் மாற்றித் திருப்பிப் போட்டதால், வலப்பக்கம் ஓட வேண்டிய அமெரிக்க வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டும் நமக்கு அது உறுத்தாதுதான் (நானே இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன்). ஆனாலும் பிழை பிழைதானே? பெரிய கம்பெனி செய்திருந்தால் நீங்கள் கைகொட்டிச் சிரித்திருப்பீர்கள்.

பாம்பன்வாசி:
பின்னணிக் குரலைப் பற்றிச் சொன்னது சரி; எனக்கும் பாதிக்கு மேல் அலுத்துவிட்டது. ஆனால் ஓபரா இசையமைப்பாளரான லெனர்ட் காசில் வாழ்நாளில் இயக்கிய ஒரே படமான 'தி ஹனிமூன் கில்லர்ஸ்' (1970) படத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? மெய்யாக நடந்த கொலைகளைத் தழுவிய அப்படத்தில் கொலையாளிகளுக்குக் கவர்ச்சியும் இல்லை, பெரிய சாமர்த்தியமும் இல்லை. நட்சத்திரம் நடித்திருந்தால் கொலைகாரனுக்கும் ரசிகர் கூட்டம் சேர்ந்திருக்கும்; இவர்களோ பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்களைப் போல் தோன்றுவதால்தான் அடிவயிறு கலங்குகிறது.

தொண்டிக்காரன்:
அந்தப் படத்தின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதை முதலில் இயக்கத் தொடங்கியவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? குறைந்த பணத்தில் முடிக்க வேண்டிய படத்தை மெதுவாக எடுக்கிறார் என்று சில நாட்களிலேயே அவரை நீக்கிவிட்டார்கள். புயலைக் கொடுத்தது ஏழ்மை என்றால், அவரை அனுப்பியதும் அதே ஏழ்மைதான், அண்ணே.