உதவி தேவை: டிசம்பரில் பதிவுத் திருமணம், திருமண உரிமத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

கேட்பவர் (மரிக்கினா):
எனக்கு 23 வயது, என் வருங்காலக் கணவருக்கு 27. இருவரும் பிலிப்பைன்ஸ் குடிமக்கள். இருவருக்கும் இது முதல் திருமணம். டிசம்பர் 12 அன்று தகாய்தாயில், தால் ஏரி தெரியும் ஒரு தோட்டத்தில், எங்களுக்குத் தெரிந்த மரிக்கினா நீதிபதி ஒருவரைக் கொண்டு திருமணம் செய்துகொள்ள எண்ணியிருக்கிறோம். கடைசி நேர அலைச்சலைத் தவிர்க்க, ஜூலை முதல் வாரத்திலேயே உரிமம் வாங்கிவிடலாம் என்கிறார் என் வருங்காலக் கணவர். ஆனால், பதிவாளர் அலுவலகத்தில் என் பெற்றோரின் ஆலோசனைக் கடிதத்தைக் கேட்கிறார்கள். அப்பா ரியாத்தில் வேலை செய்கிறார். போதாக்குறைக்கு, பிறப்புச் சான்றிதழில் 'மரியா' என்றுள்ள என் பெயர், அடையாள அட்டைகளில் 'மா.' என்று சுருங்கிக் கிடக்கிறது.

பதில் 1 (கேசோன் நகரம்):
ஜூலையில் விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு 10 நாள்கள் தொடர்ந்து பதிவாளர் அலுவலகப் பலகையில் இருந்த பிறகே உரிமம் தருவார்கள். அது வழங்கிய நாளிலிருந்து 120 நாள்களுக்குத்தான் செல்லும் என்பதால், உங்கள் உரிமம் நவம்பர் நடுவிலேயே காலாவதியாகிவிடும். கடிதம் கையில் இருந்தால் அக்டோபர் நடுப்பகுதி போதும்.

21 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் கட்டாயமில்லை, ஆலோசனை கேட்டாக வேண்டும், அவ்வளவுதான். எனினும் அது கிடைக்காவிட்டாலோ, பாதகமாக இருந்தாலோ, அறிவிப்புக் காலம் முடிந்து மூன்று மாதங்கள் கழியும்வரை உரிமம் வராது. எனவே அப்பாவிடம் இப்போதே சொல்லி, ரியாத்திலுள்ள நம் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஆகஸ்ட் நடுவிலும் கடிதம் வராவிட்டால், ஆலோசனை கேட்டதைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரத்துடன் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று மாதம் காத்திருந்தாலும் நவம்பர் இறுதியில் உரிமம் கிடைத்துவிடும்.

பெயரைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி 'மரியா' என்றே எழுதுங்கள். என் விண்ணப்பத்தில் நான் 'மா.' என்று எழுதிவிட்டு, எழுத்தர் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பித் தந்ததால் அரை நாள் வீணானது.

கேட்பவர்:
மிக்க நன்றி அக்கா. உரிமம் மரிக்கினாவில் வாங்கியது என்றாலும் தகாய்தாயில் செல்லும் அல்லவா?

பதில் 2 (கவீத்தே):
உரிமம் நாடு முழுவதும் செல்லும். உங்கள் நீதிபதிதான் அங்கே செல்லமாட்டார். நீதிபதி தம் நீதிமன்ற எல்லைக்குள் மட்டுமே திருமணம் நடத்திவைக்கலாம், மேயருக்கும் அதே நிலைதான். பலரும் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள். தகாய்தாய்தான் வேண்டுமென்றால் அங்குள்ள நீதிபதியையோ மேயரையோ அணுகுங்கள். நீதிபதியின் அறைக்கு வெளியே, தோட்டத்தில் நடத்த வேண்டுமானால், நீங்கள் இருவரும் உறுதிமொழியுடன் எழுதிக் கேட்க வேண்டும். வயது வந்த சாட்சிகள் குறைந்தது இருவர் வேண்டும்.

பதில் 1:
திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்பை மறந்துவிடாதீர்கள், அந்தச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடைக்காது. வகுப்பில் தரும் படிவத்தில் பணம், பிள்ளைகள், மாமியார் வீடு என்று தலைப்புவாரியாகக் கேட்பார்கள். நாங்கள் தனித்தனியே நிரப்பிவிட்டு ஒப்பிட்டபோது, என் மாமியாருடன் குடியிருக்கும் கேள்வியில் மட்டும் விடைகள் நேரெதிராக இருந்தன. வீடு திரும்பும் ஜீப்னி சிற்றுந்தில் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

கேட்பவர்:
நீதிபதியிடம் இன்றே பேசினோம்; தம்மால் தகாய்தாயில் நடத்த இயலாது என்று அவரும் உறுதிசெய்தார். திருமணத்தை மரிக்கினாவில் அவருடைய அறையிலேயே வைத்துக்கொண்டு, மதிய விருந்துக்கு மட்டும் தகாய்தாய் செல்ல முடிவு செய்துள்ளோம். அப்பா அடுத்த வாரம் தூதரகத்தில் நேரம் வாங்கியிருக்கிறார்.