பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது, திருப்பினால் டக் டக் சத்தம்: ஆக்சில் மாற்ற வேண்டுமா?

கேள்வி (மன்னார்குடி):
ஸ்விஃப்ட் டீசல், 92,000 கி.மீ. சம்பா அறுவடையில் ரோட்டில் பரப்பியிருந்த வைக்கோல் மேல் ஓட்டியதிலிருந்து தொந்தரவு. பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் போகிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து எடுத்தால் முன்னால் டக் டக் சத்தம். அலைன்மெண்ட் (வீல்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தும் மாற்றமில்லை. முன் வீல்களைச் சுற்றும் தண்டுகளான இரண்டு ஆக்சிலையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில் (கும்பகோணம்):
இரண்டும் வேறு வேறு கோளாறு சார். பிரேக்கில் மட்டும் இழுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அலைன்மெண்ட் இல்லை. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, வீலுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். இடது மட்டும் கொதித்தால் அந்தப் பிரேக் விடாமல் ஒட்டுகிறது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், ஏழெட்டு முறை பிரேக் பிடித்துவிட்டுப் பாருங்கள். சூடேறாத பக்கம் வேலை செய்யவில்லை.

ஒட்டினால் வண்டியைத் தூக்குங்கள். நம்ம ஊர் களிமண்ணில் ஜாக்கி இறங்கிவிடும், அடியில் தடித்த பலகை போட்டு ஸ்டாண்டும் கொடுங்கள். பிரேக்கை மிதித்து விட்டபின் வீல் சுற்றவில்லையென்றால் பிளீட் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சின்ன திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு வீல் விட்டுவிட்டால் பெரும்பாலும் பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கும். அப்போதும் இறுக்கமென்றால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிஸ்டனோ, பிரேக் நகர வழிவிடும் ஸ்லைடு பின்னோ பிடித்திருக்கிறது.

பதில் (திருவாரூர்):
வைக்கோல் ஆக்சிலில் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். கத்தி போடாமல் கையால் உருவுங்கள். வீலின் உட்புறம் கருப்பு கிரீஸ் சிதறியிருந்தால் வெளி ஜாயிண்டின் (ஆக்சிலில் வீல் பக்கமுள்ள மூட்டு) ரப்பர் உறையான பூட் கிழிந்துவிட்டது. சத்தத்தை வைத்துப் பக்கத்தை ஊகிப்பதைவிட இது நம்பகமானது. சத்தம் வராத நிலையில் கழுவி, புது பூட்டும் மாலிப்டினம் கிரீஸும் போதும். சத்தம் வந்தபின் ஜாயிண்டுக்குள் குண்டு ஓடும் தடமே தேய்ந்திருக்கும், கிரீஸால் பயனில்லை. அந்த ஒரு வெளி ஜாயிண்டை மாற்றுங்கள், பூட் நன்றாக உள்ள பக்கத்தைத் தொடாதீர்கள். கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீலையும் கட்டாயம் பாருங்கள். வைக்கோல் அதை அறுத்தால் கியர் ஆயில் சத்தமில்லாமல் வடிந்துவிடும்.

கேட்டவர்:
இடது வீல்தான் சூடு, அதே பக்கம்தான் பூட்டும் கிழிந்திருக்கிறது. நிப்பிளைத் தளர்த்தியும் வீல் விடவில்லை. அலைன்மெண்ட் மறுபடி தேவையா?

பதில் (கும்பகோணம்):
ஸ்லைடு பின்னை உருவி, துரு எடுத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் போடுங்கள். சாதா மஞ்சள் கிரீஸ் ரப்பரை உப்ப வைத்து மறுபடி பிடிக்கும். பின் லேசாக ஓடினால் குற்றவாளி பிஸ்டன். சீல் கிட் போட வேண்டும். பேட் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் இரு பக்கமும் சேர்த்து மாற்றி, பிரேக் ஆயிலை பிளீட் செய்யுங்கள், அதாவது உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள்.

அலைன்மெண்ட் கடைசியில்தான். அதற்கு முன் தூக்கிய வீலை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் மூட்டு). மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயிண்ட் (சஸ்பென்ஷனை வீலோடு இணைக்கும் மூட்டு) அல்லது பேரிங். இந்த ஆட்டத்தோடு அலைன்மெண்டில் வைத்த டோ (வீல் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) நிற்காது, டயர் ஓரம் தின்றுகொண்டேதான் இருக்கும்.