டைப் 77-ஐ பிஎஃப்எம் கிட்டில் கட்டலாமா? மிக்-21 வகை விவாதம்

பிளேடு48:
1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய மிக்-21 எஃப்எல் (டைப் 77) போர் விமானத்தை 1/48 அளவு மாடலாகக் கட்ட எஃப்எல் கிட்தான் (மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டி) வேண்டும் என்று பலர் தேடி அலைகிறார்கள். எட்வார்ட் நிறுவனத்தின் பிஎஃப்எம் (மிக்-21-ன் இன்னொரு வகை) கிட்டே போதும் என்பது என் வாதம். அகல வால், வாலடியில் பிரேக் பாராசூட் உருளை, ஒல்லி முதுகு, சிறகுக்கு ஒரே பைலன் (ஆயுதம் தொங்கும் தாங்கி), மூக்கின் மேல் நட்டநடுவில் பிட்டோ (காற்றுவேகம் அளக்கும் குழாய்), உடலுக்குள் துப்பாக்கி இல்லை: இத்தனையும் இரண்டுக்கும் பொது. மிச்சம் கேனப்பி (விமானி அறையின் கண்ணாடி மூடி) மட்டும்தான். அதை மூடி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

முனைக்கூம்பு:
மூடினால்தான் தெரியும், அண்ணே. திறந்து வைத்தாலாவது "பக்கவாட்டில் திறக்கிறதே, பிஎஃப்எம் போலிருக்கிறது" என்று பார்ப்பவர் கடந்துபோவார். மூடிய பிஎஃப்எம்மில் முன்கண்ணாடி தனித் துண்டு. அதற்கும் பின் மூடிக்கும் நடுவில் வளையம் போலத் தடித்த சட்டம் ஏறி இறங்கும். எஃப்எல்லில் அந்த வளையமே கிடையாது. முன்னும் பின்னும் ஒரே குமிழ், கீல் முன்பக்கம்.

காரணம் எஸ்கே எனும் வெளியேற்ற இருக்கை. விமானி வெளியேறும்போது கேனப்பியும் இருக்கையோடு சேர்ந்து போய், முகத்தில் அடிக்கும் காற்றை மறைக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. எஃப்-13, பிஎஃப், எஃப்எல் வகைகள் மூன்றும் அந்தக் குடும்பம். பிஎஃப்எம்மில் கேஎம்-1 இருக்கை வந்ததும் முன்கண்ணாடி நிலையாகி, மூடி வலப்பக்கம் சாயத் தொடங்கியது. ஆக நீங்கள் 'மிச்சம்' என்று தள்ளுவதுதான் எஃப்எல்லின் முகமே.

பிளேடு48:
சரி, வளையம்தானே சிக்கல்? முன்கண்ணாடியையும் மூடியையும் ஒட்டி, சட்டத்தை 1000, 2000 உப்புத்தாளில் தேய்த்து எடுத்து, பாலிஷ் போட்டு, பளபளப்பு வார்னிஷில் முக்கினால் ஒரே குமிழ் ஆகிவிடாதா?

முனைக்கூம்பு:
ஆகாது. ஒட்டிய கோடு ஒளிபுகும் பிளாஸ்டிக்கின் உள்ளே தெரியும், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் மறையாது. அது போகட்டும், வடிவமே வேறு. பிஎஃப்எம் முன்கண்ணாடியின் நடுத்துண்டு தட்டை. எஃப்எல்லில் வெளிக்கண்ணாடி வளைந்தே இருக்கும், தட்டையான கவசக் கண்ணாடி அதற்குள்ளே நிற்கும். தட்டையைத் தேய்த்து வளைவாக்க அங்கே பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது?

ஈயக்குண்டு:
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் எம்எஃப் வகைக் கிட் சும்மா கிடக்கிறது. அதை எஃப்எல் ஆக்க முடியுமா? டைப் எண்களும் குழப்புகின்றன. 75 பழசு, 77 அதற்கு அடுத்தது, அப்படித்தானே?

72ல்ஒருவன்:
இல்லை தம்பி, அந்த எண்களில் வரிசையே கிடையாது. இந்தியாவில் 74 என்றால் எஃப்-13, 76 பிஎஃப், 77 எஃப்எல், 96 எம். எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்த பிஸ்ஸுக்குத்தான் 75. பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்.

எம்எஃப்பிலிருந்து எஃப்எல்: விட்டுவிடுங்கள். முதுகு காக்பிட்டிலிருந்து வால்வரை பருமன், அதை அறுத்தெடுத்துப் புதிதாகச் செதுக்க வேண்டும். பிட்டோ நடுவில் இல்லாமல் வலப்பக்கம் விலகியிருக்கும். வயிற்றில் பாதி புதைந்த ஜிஎஸ்ஹெச்-23எல் துப்பாக்கியை அடைக்க வேண்டும். சிறகில் வெளிப்பைலன் இரண்டையும் மூட வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் கேனப்பி தவறாகத்தான் நிற்கும்.

அந்த கிட்டை டைப் 96 ஆகக் கட்டுங்கள். எம்முக்கும் எம்எஃப்புக்கும் பெரிய வேறுபாடு உள்ளேதான்: ஆர்-11எஃப்2எஸ்-300 எஞ்சின் போய் ஆர்-13-300 வந்தது. வெளியில், கேனப்பி உச்சியில் உள்ள பின்பார்வைக் கண்ணாடிக் கூட்டையும், முன்னுடலின் துணைக் காற்றுக் கதவுகளுக்குக் கீழே இருக்கும் சிறு தடுப்புத் தகடுகளையும் (துப்பாக்கிப் புகை எஞ்சினுக்குள் போகாமல் தடுப்பவை) நீங்கள் கட்டும் விமானத்தின் படத்தோடு ஒப்பிட்டு, வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

பிளேடு48:
பாருங்கள், அங்கே மட்டும் "எம்எஃப் கிட்டில் எம் கட்டலாம்" என்று தாராளம். எனக்கு மட்டும் கறார்!

முனைக்கூம்பு:
தாராளம் இல்லை, கணக்கு. அங்கே ஒட்டுவதா விடுவதா என்ற கேள்வி இரண்டு சிறு துண்டுகளோடு முடிகிறது. இங்கே வெளிவடிவமே மாறுகிறது. உங்கள் கிட் தேர்வில் எனக்கு மறுப்பே இல்லை, பிஎஃப்எம்தான் சரியான அடிப்படை. கேனப்பியை மாற்றாமல் எஃப்எல் என்று பெயர்ப்பலகை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வழி இது. பிஎஃப் அல்லது எஃப்எல்லுக்கான வெற்றிட வார்ப்புக் கேனப்பி (மெல்லிய தகட்டைச் சூடாக்கி உறிஞ்சி வடித்தது) வாங்குங்கள். வெட்டும் முன் உள்ளே ப்ளூ டாக் (களிமண் போன்ற ஒட்டும் பொருள்) அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தி அழுத்தத்தில் நசுங்கி வெள்ளைக் கோடு விழும். புது பிளேடால் ஒரே கோட்டில் பத்துப் பதினைந்து முறை மெதுவாகக் கீறுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் விரிசல் குமிழுக்குள் ஏறிவிடும். பிஎஃப்எம் உடலின் காக்பிட் விளிம்பு இந்தக் குமிழுக்கு அளவெடுத்தது அல்ல. பெயின்டுக்கு முன்பே வைத்துப் பார்த்து, இடைவெளி விழும் இடத்தில் 0.25 மிமீ பிளாஸ்டிக் தகட்டுத் துண்டுகளை உடலோடு ஒட்டித் தேயுங்கள். புட்டியை மட்டும் நம்பினால் ஓரம் உதிரும். கவசக் கண்ணாடிக்குத் தட்டையான தெளிந்த தகட்டை வெட்டிக் கேனப்பிக்கு முன்பே உள்ளே நிறுத்திவிட வேண்டும். கேனப்பிக்கு வெள்ளைப் பசைதான். சூப்பர் க்ளூ ஆவி பட்டால் உள்ளே பனி படிந்ததுபோல் வெளுத்துவிடும், பிறகு துடைக்க வழியில்லை.

72ல்ஒருவன்:
கூடுதலாக ஃப்ளாப்பையும் (சிறகின் பின்னோர மடிப்பு) பாருங்கள். பிஎஃப்எம்மில் எஸ்பிஎஸ் எனும் காற்றூதும் ஃப்ளாப், அதன் அடியில் நடுவே ஆக்சுவேட்டர் (அதை அசைக்கும் கருவி) உறை புடைத்திருக்கும். கட்டும் விமானத்தின் படத்தில் அந்தப் புடைப்பு இல்லையென்றால் சீவி எடுங்கள்.

கிட்டே பழைய அச்சு என்றால் வெர்னியர் அளவுகோலை எடுங்கள். ஆனால் சிறகை அளந்து பயனில்லை. எல்லா வகைக்கும் விரிவு 7.15 மீட்டர்தான், 1/48-ல் 149 மிமீ, 1/72-ல் 99 மிமீ. பிரதான சக்கரத்தை அளந்தால் விடை கிடைக்கும். எஃப்-13-க்கு 660 மிமீ, பிஎஃப் முதல் 800 மிமீ. 1/48-ல் 13.8-க்கும் 16.7-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எஃப்-13 சக்கரத்தையே பிஎஃப் பெட்டியிலும் போட்டுக் கொடுத்திருந்தால் உடனே பிடிபடும்.

ஈயக்குண்டு:
பிஸ்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது? எம்எஃப்பைப் போலத்தானே இருக்கிறது.

72ல்ஒருவன்:
முதுகைப் பாருங்கள். பிஸ்ஸில் எரிபொருள் அங்கே கூடுதலாக ஏறியதால் உயரமும் பருமனும் அதிகம். முதுகுத் துண்டை ஒரு கிட்டிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், உடலோடு சேரும் கோடே வேறு. பைசன் (பிஸ்ஸின் மேம்படுத்திய வடிவம்) என்றால் முன்கண்ணாடியில் சட்டங்கள் இல்லை, ஒரே வளைவு. ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகளும் அதற்குத்தான். எஃப்எல்லில் அவற்றைத் தொங்கவிட்டால் சிரிப்பார்கள்.

பிளேடு48:
கேனப்பி விஷயத்தில் இறங்கி வருகிறேன், வெற்றிட வார்ப்பே வாங்கலாம். ஆனால் இருக்கை? மூடிய கேனப்பிக்குள் கேஎம்-1 இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

முனைக்கூம்பு:
கேஎம்-1-ன் தலைப்பகுதி பெரிய பெட்டிபோல் நிற்கும். சட்டமில்லாத குமிழுக்குள் அதுதான் முதலில் கண்ணில் படும். விமானி பொம்மையை உட்காரவைத்து, அந்தப் பெட்டியைப் பாதியாகக் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். இதில் மட்டும் உங்கள் பக்கம் பாதி வருகிறேன்.

ஆயுதத்தில் கோட்டை விடாதீர்கள். ஜிபி-9 துப்பாக்கிப் பெட்டி வயிற்றின் நடுக்கோட்டில் தொங்குவது. அதை மாட்டினால் நடு டிராப் டேங்குக்கு (கழற்றிவிடும் எரிபொருள் தொட்டி) இடமில்லை, கிட்டில் இரண்டும் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒட்ட முடியாது. டாக்கா தாக்குதலில் விமானத்துக்கு 32 ராக்கெட், 57 மிமீ. அந்த 32-ஐப் பார்த்து யூபி-32 கூட்டை (32 ராக்கெட் கொள்வது) மாட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு மாட்டினால் 64 ஆகிவிடும். வேண்டியது யூபி-16, பக்கத்துக்கு ஒன்று. ஒட்டும் முன் கூட்டின் மூக்கில் உள்ள துளைகளை எண்ணுங்கள், பதினாறு இருக்க வேண்டும். பைலன் இரண்டும் கூடுகளுக்கே போய்விடுவதால் கே-13 ஏவுகணையை அன்றைய விமானத்தில் மாட்ட இடமில்லை.