பணித்தளத்தில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்?

கேள்வி: புதுப்பயணி
அடுத்த வருஷம் நானும் கணவரும் வெளிநாட்டு ஊழியத்துக்குக் கிளம்புகிறோம். அவருக்கு வேதாகமக் கல்லூரியில் கற்பிக்கும் வேலை. மிஷன் கொடுத்த தாளில் என் பெயருக்கு எதிரே ‘மனைவி’ என்று மட்டும் இருக்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை நான் அங்கே என்னதான் செய்வேன்? மேடையில் சொல்லும் சாட்சிகளை நிறையக் கேட்டாயிற்று. சாதாரண நாள் ஒன்றை யாராவது சொல்லுங்களேன்.

பதில்: மலைவீடு
தங்கச்சி, முதல் வேலை தண்ணீர். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விட்டால் போதும். நாங்கள் இருந்த இடம் 2000 மீட்டருக்கு மேல், அதனால் 3 நிமிஷம். கரண்ட் இருக்கும்போதே துணி, இஸ்திரி, சார்ஜ் எல்லாம் முடித்துவிட வேண்டும். அதற்குள் வாசலில் ஆள் வந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி, மனு எழுதித் தரச் சொல்லி ஒருவர், சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக இரண்டு பேர்.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் நான் துணி காயப்போடும் நேரம் பார்த்து வருவார். ஒவ்வொரு துணியாகத் தொட்டு அதன் பெயரைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். உச்சரிப்பு சரியில்லை என்றால் அதைக் கொடியில் போட விடமாட்டார்! என் கணவர் மொழி வகுப்பில் இலக்கணம் படித்துப் பிரசங்கமே செய்யத் தொடங்கிவிட்டார். ஆனால் கடையில் பல்பு வாங்க என்னைத்தான் அனுப்புவார்.

இது புதிதல்ல. 1813-இல் பர்மாவின் ரங்கூனுக்குப் போன அமெரிக்க மிஷனெரிகளான ஜட்சன் தம்பதியில், வீட்டு நிர்வாகத்தைப் பார்த்த ஆன் அம்மையார்தான் பேச்சு பர்மிய மொழியை முதலில் பிடித்துக்கொண்டவர். தானியேல், யோனா புத்தகங்களைப் பர்மிய மொழியில் பெயர்த்தார். மத்தேயுவைத் தாய்லாந்து மொழியிலும் பெயர்த்தார். அவருக்கும் யாரும் தனிப் பதவி கொடுத்ததாகத் தெரியவில்லை, போங்கள்.

அதனால் மொழி வகுப்பில் இருவரும் உட்காருங்கள். “அவர் படிக்கட்டும், நீங்கள் வீட்டைப் பாருங்கள்” என்று மிஷன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் இதில் மட்டும் கறார்.

பதில்: கடிதக்காரன்
அக்கா சொன்னதோடு காகித வேலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சகோதரி. உங்கள் விசா எந்த வகை என்று இப்போதே கேளுங்கள். துணைவர் விசாவில் பல நாடுகளில் சம்பள வேலை செய்ய முடியாது. நர்ஸ், டீச்சர் என்று படித்துவிட்டுப் போனவர்கள் அங்கே போய்த்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்றால் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், அந்தப் பகுதியைவிட்டு வந்தபிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும்.

அப்புறம் ஜெபக் கடிதம், அதாவது நமக்காக ஜெபிக்கிறவர்களுக்கு ஊழியச் செய்தி எழுதி அனுப்புவது. எங்கள் வீட்டில் மாதக் கடைசிச் சண்டை அதனால்தான். நான் ஞானஸ்நானக் கணக்கை எழுதுவேன், அவள் கூரை ஒழுகுவதை எழுதுவாள். பதில் வருவது என்னவோ கூரைக்குத்தான். இப்போது அவளே எழுதுகிறாள்.

புதுப்பயணி
நன்றி அக்கா, நன்றி அண்ணா. இன்னொன்று: இருவரும் நாள் முழுக்க ஒரே வீட்டில், ஒரே வேலையில். முகம் சுளிக்காமல் எப்படி?

பதில்: மலைவீடு
சுளிக்கத்தான் செய்யும். சொந்தக்காரர் இல்லை, அம்மா வீடு இல்லை, கோபம் வந்தால் போய் உட்கார இடமில்லை. நாங்கள் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஊழியப் பேச்சே கூடாது என்று வைத்திருந்தோம். முதலில் பேச ஒன்றுமில்லாமல் இருவரும் கொட்டாவி விட்டோம். பிறகு சீட்டுக்கட்டு வாங்கினோம். சபையாருக்குத் தெரியாமல்தான். உங்களுக்கென்று ஒரு தோழியை உள்ளூரிலேயே தேடிக்கொள்ளுங்கள், அவள் மிஷனெரியாக இல்லாதவரை நல்லது.