சந்தைச் சித்தருக்குப் பணம் கட்டலாமா?

வாட்ஸ்அப் குழு: திண்டுக்கல் வீட்டார்

முருகேசன் சித்தப்பா, காலை 7:42
யாராவது முழித்திருக்கிறீர்களா? டெலிகிராமில் ஒரு பங்குச்சந்தைக் குழுவில் ரொம்ப நாளாக இருக்கிறேன். நடத்துபவர் 'சந்தைச் சித்தர்' என்ற பெயரில் எழுதுவார். ஆள் யாரென்று தெரியாது, ஆனால் ரெண்டு வருஷமாகச் சொன்னதெல்லாம் பலித்திருக்கிறது. இப்போது தனிக் குழு ஆரம்பிக்கிறாராம். வருஷத்துக்கு 18,000 ரூபாய். கட்டலாமா?

வசந்தா அத்தை, 7:45
பெயரே சொல்லாத ஆளுக்குப் பணமா? நன்றாக இருக்கிறது.

முருகேசன் சித்தப்பா, 7:46
ரங்கராஜன் சுஜாதா என்ற பெயரில் எழுதவில்லையா அக்கா? நீங்கள்தானே விழுந்து விழுந்து படித்தீர்கள்.

வசந்தா அத்தை, 7:47
சன்மானத்தை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பத்திரிகை ஆபீஸுக்குத் தெரியும்டா. உன் சித்தரை யாருக்குத் தெரியும்?

கார்த்தி, 7:55
புனைபெயர் தப்பே இல்லை அத்தை. பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. ஆனால் 2008இல் அவர் வெளியிட்ட கட்டுரையையும் அப்புறம் வந்த நிரலையும் யார் வேண்டுமானாலும் வரிவரியாகச் சரிபார்க்கலாம். சித்தர் விஷயத்தில் சரிபார்க்க என்ன இருக்கிறது சித்தப்பா?

முருகேசன் சித்தப்பா, 7:57
பழைய பதிவெல்லாம் அப்படியே இருக்கிறதே. மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

கார்த்தி, 7:58
அதுதான் உதைக்கிறது. டெலிகிராமில் நிர்வாகி எந்தப் பழைய பதிவையும் அழிக்கலாம். அழித்த இடத்தில் தடம்கூட இருக்காது. சறுக்கியதை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பலித்தது மட்டும்தானே?

யாழினி, 8:01
அண்ணா, அந்த எக்ஸ்இசட் கதையைச் சொல்லுங்கள். ரெண்டு வருஷம் என்றதும் அதுதான் ஞாபகம் வந்தது.

கார்த்தி, 8:09
லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் கோப்புகளைச் சுருக்குகிற சின்ன மென்பொருள் எக்ஸ்இசட். ஏகப்பட்ட சர்வர்களில் இருக்கும். லாசே காலின் என்பவர் சம்பளம் இல்லாமல், கிட்டத்தட்டத் தனியாளாக அதைப் பராமரித்துவந்தார். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பினார். உருப்படியான வேலைதான். 2022இல் வேறு சில பெயர்கள் முளைத்து, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று காலினை நச்சரித்தன. மனிதர் களைத்துப்போயிருந்தார். பொறுப்பில் ஜியா டானும் சேர்ந்தார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் அடுத்தவர் கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு கள்ளக் கதவு இருந்தது.

வசந்தா அத்தை, 8:11
ரெண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாக நடித்தானா! அப்புறம் எப்படி மாட்டினான்?

யாழினி, 8:14
ஆள் இன்னும் மாட்டவில்லை அத்தை, யாரென்றே தெரியாது. வேலைதான் மாட்டியது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) மூலம் உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டினார். மார்ச் 29 அன்று உலகத்துக்கே சொல்லிவிட்டார். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் அது சோதனைப் பதிப்புகளோடு நின்றுவிட்டது. அரை நொடிக்கெல்லாம் நான் எரிச்சல்கூடப் பட்டிருக்க மாட்டேன்.

கார்த்தி, 8:16
எல்லாம் பொதுவில் கிடந்ததால்தான் அவரால் நோண்ட முடிந்தது. சித்தர் குழுவில் நோட்டும் அவர் கையில், ரப்பரும் அவர் கையில்.

முருகேசன் சித்தப்பா, 8:18
அவர் சொல்வது வேறு. வாட்ஸ்அப்பில் ரகசியம் இல்லை, அதனால்தான் டெலிகிராமுக்கு வந்தேன் என்கிறார்.

யாழினி, 8:20
தலைகீழ்! வாட்ஸ்அப்பில் 2016 முதல் நாம் எழுதுவது அனுப்புபவர், பெறுபவர் தவிர யாருக்கும் புரியாதபடி பூட்டித்தான் போகிறது. குழுவுக்கும் அப்படித்தான். டெலிகிராமில் இருவர் மட்டும் பேசும் சீக்ரெட் சாட்டுக்குத்தான் அந்தப் பூட்டு. குழுக்களுக்குக் கிடையாது. ஒன்று சரி, வாட்ஸ்அப் குழுவில் நம் நம்பர் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் மறைக்கலாம். சிக்னல் செயலியும் நம்பருக்குப் பதில் கொடுக்க 2024இல் பயனர்பெயர் கொண்டுவந்தது.

வசந்தா அத்தை, 8:22
பூட்டெல்லாம் இருக்கட்டும். கட்டலாமா, வேண்டாமா? அதைச் சொல்.

கார்த்தி, 8:25
காசு வாங்கிக்கொண்டு பங்கு ஆலோசனை சொல்ல, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும் அத்தை. சித்தப்பா, பதிவு எண்ணைக் கேளுங்கள். செபி தளத்தில் அந்த எண்ணுக்கு யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதனால் பணம் போகிற கணக்கும் அதே பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சும்மா எழுதும்வரை சித்தராக இருக்கலாம், கட்டணம் வாங்கினால் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முருகேசன் சித்தப்பா, 8:41
குழுவில் கேட்டேன். நம்பிக்கை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்றார். இப்போது பார்த்தால் என் கேள்வியையே காணோம்.

யாழினி, 8:42
😂😂

வசந்தா அத்தை, 8:43
அவ்வளவுதான், விடு.

கார்த்தி, 8:44
வெளியே வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் சித்தப்பா. பிரைவசி செட்டிங்கில் உங்கள் நம்பர் யாருக்கும் தெரியாதபடி மாற்றிவிடுங்கள்.

லட்சுமி சித்தி, 8:46
எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 18,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? ஃப்ரிட்ஜ் மாற்றக் கேட்டபோது கையில் இல்லை என்றீர்களே?

முருகேசன் சித்தப்பா, 8:47
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வசந்தா அத்தை, 8:47
இங்கே தடம் தெரியும்டா தம்பி.