1968 ஸ்கி-டூ ஒலிம்பிக்: க்ராங்க் சீல் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பனியில் ஓடும் ஸ்கி-டூ வண்டியில் பழைய மஞ்சள் ஒலிம்பிக் ஒன்றை வாங்கி, குளிர்காலத்துக்குள் ஓட வைக்கப் பார்க்கிறேன். ஒற்றை சிலிண்டர் ரோடாக்ஸ் இன்ஜின். டில்லட்சன் கார்புரேட்டருக்குப் புது டயாஃப்ரம் போட்டு, பாயின்ட்டையும் (தீப்பொறி வரவைக்கும் மின்தொடுப்பு) தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டேன். கயிற்றை இரண்டு முறை இழுத்தால் கிளம்பிவிடுகிறது. ஆனால் இரண்டு நிமிடத்தில் வேகம் தானாக ஏறி, அப்புறம் அணைந்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது, அதாவது பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

க்ராங்க் சீல் (க்ராங்க் தண்டைச் சுற்றிக் காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து காற்று உள்ளே போகிறது என்று சந்தேகப்படுகிறேன். இப்படியே ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்ஜினைப் பிரிக்காமல் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட்டையும் எதை வைத்து அடைத்தீர்கள்? எத்தனை பிஎஸ்ஐ தாங்கும்? பழைய வண்டி, அவசரப்பட்டுக் கெடுத்துவிட மனம் வரவில்லை.